கரும்புகையா, புகையே இல்லையா: லாரியில் இழுவை குறைந்தால் எங்கிருந்து தேடுவது

வேலூரிலிருந்து ஓசூருக்கு லோடு ஏற்றிப் போகும் லாரி ஆம்பூர், வாணியம்பாடி வரை ஒழுங்காகத்தான் ஓடும். நாட்றம்பள்ளி தாண்டினால் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். சூளகிரி ஏற்றத்தில் இரண்டு கியர் குறைத்தும் வண்டி ஏறாது. பின்னால் வருகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் புகை வரும். பட்டறைக்கு வந்ததும் ஓட்டுநர் சொல்வது ஒரே வரி: "புல்லிங் இல்லண்ணே, புகை அடிக்குது." அதைக் கேட்ட கையோடு டீசல் பம்பைக் கழற்றி பம்ப் கடைக்கு அனுப்புவது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். அப்படிப் போகிற பம்புகளில் பல எந்தக் குறையும் இல்லாதவை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. இழுவை குறைந்தபோது புகை கூடியதா, குறைந்ததா? கூடியது என்றால் டீசல் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை எரிக்கத் தேவையான காற்று வரவில்லை, அல்லது வந்த டீசல் சரியாகத் தூவப்படவில்லை. புகையே இல்லாமல் இழுவை மட்டும் போயிருந்தால் டீசல் போதவில்லை. இந்த ஒரு பிரிவினை தேடும் இடத்தைப் பாதியாகச் சுருக்கிவிடும். நிறம், வரும் நேரம், எஞ்சின் சூடு ஆகியவை மீதியைச் சுருக்கும்.

சூளகிரியில் மட்டும் ஏன் அதிகம் தெரிகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏட்டுக் கணக்கில் சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசல் எஞ்சினுக்குள் காற்றும் டீசலும் ஒரே சீராகக் கலப்பதில்லை; அதனால் காற்று 18, 20 கிலோவுக்குக் கீழே இறங்கும்போதே கரி தெரியத் தொடங்கிவிடும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 220 மீட்டர் உயரம். ஓசூர் 900 மீட்டரை நெருங்குகிறது. 100 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். மே மாத 40 டிகிரிக் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட 6 சதவீதம் லேசானது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத பழைய வண்டி, கத்திரி வெயிலில் ஓசூர் ஏறும்போது கொஞ்சம் கறுத்த புகை விட்டால் அது நோயே அல்ல. டர்போ உள்ள வண்டி இந்தக் குறையைத் தானே ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டவில்லை என்றால்தான் சந்தேகம்.

எஞ்சினைத் தொடும் முன்

இழுவை இல்லை என்று வரும் வண்டிகளில் எஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லாதவையும் உண்டு. ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஒருவர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்க, இன்னொருவர் பம்பின் லீவர் கடைசி ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. கேபினில் புதிதாகப் போட்ட தடித்த மேட் பெடலின் அடியில் சிக்கி, லீவர் முக்கால்வாசிதான் போகும் வண்டிகளை எல்லாப் பட்டறையும் பார்த்திருக்கும்.

கரும்புகையோடு இழுவை குறைந்தால்

காற்றுப் பக்கம். 5.7 லிட்டர் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு 5,000 லிட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சும். டர்போ ஒரு பார் அழுத்தம் கூட்டினால் ஃபில்டர் வழியே போவது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிரஷர், குவாரி, செங்கல் சூளைப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். கிலோமீட்டர் கணக்கில் ஃபில்டர் மாற்றும் அட்டவணை நெடுஞ்சாலை வண்டிக்குத்தான் பொருந்தும்.

ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியே அழுக்காகத் தெரிவது நன்றாகவே காற்று விடும். பளிச்சென்று இருப்பது ஈரத்தில் ஊறிக் கல்லாகியிருக்கும். ஏர் கிளீனரில் உள்ள இண்டிகேட்டர், மாடலைப் பொறுத்து 500 முதல் 635 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு உறிஞ்சலில் சிவப்பு காட்டும். இண்டிகேட்டர் உடைந்திருந்தால் அதே துளையில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை 'ப' வடிவில் வளைத்து, தண்ணீர் ஊற்றி மாட்டி, முழு ஆர்பிஎம்மில் இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டேப் வைத்து அளந்துவிடலாம். டர்போ வண்டியில் லோடில் இது இன்னும் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்கு மிகாமல், நாசிலைக் காகிதத்தில் ஒட்டாமல் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். டயருக்கு அடிக்கும் அழுத்தத்தில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதன் பலன் சில மாதம் கழித்து நீலப்புகையாக வரும். உள்ளே இருக்கும் சின்ன சேஃப்டி ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

ஃபில்டர் சரி என்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) வழியாக மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) வரை உள்ள ஹோஸ்கள். கிளிப் தளர்ந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பு வளையம் தெரியும். மிதித்தால் 'ஸ்ஸ்' என்று சீறும் சத்தம் இன்னொரு அடையாளம். ஆனால் ஹோஸின் அடிப்பக்க வெடிப்பு லோடில் மட்டும் திறந்து, நின்ற இடத்தில் மூடிக்கொள்ளும். அதற்கு ரெகுலேட்டர் வைத்து உள்ளே 2 பார் காற்றேற்றிச் சோப்பு நீர் பூச வேண்டும். 15 வினாடியில் அரை பாருக்கு மேல் இறங்கினால் இன்டர்கூலரோ ஹோஸோ ஒழுகுகிறது. அடைப்பு மூடியைச் சங்கிலியால் கட்டாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது பறந்தால் பல்லைத் தட்டும்.

பூஸ்ட், அதாவது டர்போ கட்டும் காற்றழுத்தம், அளக்கிறவர்கள் பலர் செய்யும் தவறு, வண்டியை நிறுத்தி வைத்து ரேஸ் செய்து பார்ப்பது. லோடு இல்லாமல் டர்போ காற்று கட்டாது. மேனிஃபோல்டில் கேஜை மாட்டி, நீண்ட டியூபைக் கேபினுக்குள் இழுத்து, லோடுடன் ஏற்றத்தில் முழு மிதியில் பார்க்க வேண்டும். பல லாரி எஞ்சின்களில் 1 முதல் 1.5 பார் வரும். உங்கள் மாடலின் சரியான எண் கையேட்டில் இருக்கும். அரை பாரிலேயே நின்றால் ஒழுகல், திறந்த நிலையில் சிக்கிய வேஸ்ட்கேட் (டர்போவைத் தவிர்த்துப் புகையை வெளியே விடும் வால்வு), அல்லது டர்போ. டர்போவின் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடும். அது கோளாறு அல்ல, பேரிங் எண்ணெய்ப் படலத்தில் மிதப்பதால் வரும் இடைவெளி. ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துச் சுழற்றும்போது சக்கரம் உறையில் உரசினாலோ, முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரிந்தாலோதான் டர்போவை இறக்க வேண்டும்.

காற்று உள்ளே வந்தால் போதாது, வெளியேயும் போக வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டாம்பூச்சி வால்வு பாதி மூடிய நிலையில் துருப்பிடித்து நின்றுவிட்டால் கரும்புகை, இழுவையின்மை, எஞ்சின் சூடு மூன்றும் ஒன்றாக வரும். இதைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். லீவரைக் கையால் முழுதாகத் திறந்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சைலன்சரின் உள்தகடு சரிந்து வழியை அடைப்பதும் உண்டு. சுத்தியால் தட்டினால் உள்ளே கலகலக்கும்.

இத்தனையும் சரியான பிறகுதான் நாசில். நாசிலின் திறப்பு அழுத்தம் பழைய இயந்திரப் பம்ப் வண்டிகளில் பெரும்பாலும் 200 முதல் 260 பார் வரை, மாடலுக்கு மாடல் மாறும். சோதனைப் பெஞ்சில் அடித்துப் பார்க்கும்போது எண்ணைவிடத் தூவலைக் கவனிக்க வேண்டும். திறப்புக்குச் சற்றுக் கீழான அழுத்தத்தில் பத்து வினாடி பிடித்தால் முனையில் சொட்டு கட்டக் கூடாது. சொட்டும் நாசில் அந்த சிலிண்டரின் பிஸ்டன் தலையைத் துளைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது மனிதர் செய்வது. பம்பின் மேக்ஸ் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவைத்திருப்பார்கள். காற்று குறைந்ததால் வந்த இழுவைக் குறைவை டீசலைக் கூட்டிச் சரிசெய்தால், இழுவை கொஞ்சம் வந்ததுபோல் இருக்கும். புகை இரு மடங்காகும். எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போவும் பிஸ்டனும் போகும். அந்த ஸ்க்ரூவின் சீல் உடைந்திருந்தால் மற்ற எதையும் நம்பாமல் பம்பை பெஞ்சில் ஏற்றலாம்.

புகையே இல்லாமல் இழுவை போனால்

டீசல் டேங்கிலிருந்து தொடங்குங்கள். மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க் அடியில் உள்ள சல்லடை, வாட்டர் செபரேட்டர், இரண்டு ஃபில்டர், ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சிறு பம்ப்) சிறு வலை என்று வரிசையாக வாருங்கள். ஃபில்டரை மாற்றிய மறுவாரமே திரும்ப அடைத்தால் ஃபில்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

குறை டேங்க் பக்கமா, பம்ப் பக்கமா என்று அரை மணியில் அறிய ஒரு வழி: சுத்தமான கேனில் பத்து லிட்டர் டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில் அசையாமல் கட்டி, ஃபீட் பம்பின் உள்வழியை அதில் இணைத்து, ரிட்டர்னையும் அதிலேயே விட்டு, வண்டியை ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் பம்பைத் தொட வேலை இல்லை. டேங்க், சல்லடை, பைப், யூனியன் இவற்றில்தான் கோளாறு. உறிஞ்சும் பைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபை இடையில் மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும்.

இன்லைன் பம்பில் கேலரி (பம்புக்குள் டீசல் நிரம்பும் அறை) அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். அதைப் பிடித்துவைப்பது ஓவர்ஃப்ளோ வால்வுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங். அது தளர்ந்தால் டீசல் பம்புக்குள் நிரம்பாமலே டேங்குக்குத் திரும்பிவிடும். மலிவான அந்த வால்வுக்குப் பதிலாகச் சாதாரண பேஞ்சோ போல்ட்டை (நடுவில் துளை உள்ள போல்ட்) மாட்டி ஓட்டும் வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் என்ன செய்தாலும் இழுவை வராது. டர்போ வண்டியின் பம்பில் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய பைப் வந்து மேல்மூடியில் சேரும். பூஸ்ட் ஏறினால்தான் முழு டீசல் விடு என்று பம்புக்குச் சொல்வது அதுதான். அந்தப் பைப் வெடித்தாலோ உள்ளே ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தாலோ புகை துளியும் இருக்காது, வண்டி டர்போ இல்லாததுபோல் ஓடும்.

காலையில் நன்றாக ஓடி, மதியம் சூடானதும் இழுவை போய், அணைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் வண்டியில் பம்ப் எலிமெண்ட் (டீசலை அழுத்தும் பிளஞ்சர்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளியில் நழுவுகிறது. அணைத்த நிலையில் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் கழித்து அடித்தால் ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். ஆனால் சூடாக ஓடும் பம்பின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், எலிமெண்ட் இறுகிவிடும். கோடையில் டேங்கைக் கால் அளவிலேயே வைத்து ஓட்டுவதும் ரிட்டர்ன் டீசலின் சூட்டைக் கூட்டும்.

வெள்ளையும் நீலமும்

மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெண்புகை சில நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. சூடான பிறகும் வந்தால் முதலில் அது நீராவியா, எரியாத டீசலா என்று பிரிக்க வேண்டும். டீசல் என்றால் கண் எரியும், மணம் தெரியும், புகை நெடுநேரம் தாழ்ந்து நிற்கும். டைமிங் (டீசல் பாயும் நேரம்) பின்தங்கியது, கம்ப்ரஷன் குறைவு, நாசில் திறந்தபடி சிக்கியது இவற்றில் ஒன்று. நீராவி சீக்கிரம் கலைந்துவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, குளிர்ந்த எஞ்சினை அடித்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகிறதா, திறந்த ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பு. ஈஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) உள்ள வண்டியில் ஹெட்டை இறக்கும் முன் ஈஜிஆர் கூலரைத் தனியாகச் சோதித்துவிடுங்கள். அது ஒழுகினாலும் தண்ணீர் குறைந்து வெண்புகைதான் வரும்.

நீலம் என்றால் எஞ்சின் ஆயில். லோடில் தொடர்ந்து வந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடித்தால் ரிங், லைனர். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் காலை எடுத்தபடி இறங்கி, கீழே வந்து மிதித்ததும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு கைடு, சீல். இன்டர்கூலர் ஹோஸில் ஆயில் தேங்கியிருந்தால் டர்போ என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப் நசுங்கியிருந்தாலும், பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி) அடைத்திருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் நல்ல டர்போவும் ஆயில் கக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் டர்போவை மாற்றினால் புது டர்போவும் அதே வேலையைத்தான் செய்யும். இப்படிக் கக்கும் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து எஞ்சின் கைமீறி ஓடத் தொடங்கினால் சாவியை அணைத்துப் பயனில்லை. டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக் கிளட்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும்.

எந்த சிலிண்டர்?

பழைய இயந்திரப் பம்ப் வண்டியில் ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன்ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே ரெயிலில் 300, 400 பார் நிற்கும். முழு லோடில் 1,600 பாருக்கும் மேல். மயிரிழைத் தாரை கையுறையையும் தோலையும் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே எறும்பு கடித்ததுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரலே போகலாம். மஞ்சள் தடவிக் கட்டிவிட்டு வேலையைத் தொடரும் காயம் அல்ல அது. வேலூர் சிஎம்சியில் கைக்கென்றே அறுவைப் பிரிவு இருக்கிறது. நேராக அவசர சிகிச்சைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

காமன்ரெயிலுக்கு ஸ்கேனரில் கட்டளை (வண்டியின் கம்ப்யூட்டர் கேட்கும்) ரெயில் அழுத்தத்தையும் உண்மை அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். உண்மை அளவு பின்தங்கினால் ஃபில்டர், பிறகு பம்பின் மீட்டரிங் வால்வு, பிறகு இன்ஜெக்டர். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு பாட்டிலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் ஓடவிட்டால், மற்றவற்றைவிடப் பல மடங்கு நிரப்புவது எதுவோ அதுதான் குற்றவாளி. ஆறையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் ஆறு பாட்டிலையும் காட்டச் சொல்லுங்கள்.

பிஎஸ்-6 வண்டி புகையைக் காட்டாது

பிஎஸ்-6 என்ற மாசு விதிப்படி ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில், டிபிஎஃப் என்ற எக்ஸாஸ்ட் ஃபில்டர் கரியைப் பிடித்துவைக்கிறது. ஹோஸ் கிழிந்தாலும், ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் வெளியே புகை வராது. ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரிப்பது) அடிக்கடி கேட்பதுதான் இங்கே புகை. அதைப் புரிந்துகொள்ளாமல் டிபிஎஃப்பை மட்டும் கழற்றிக் கழுவினால் சில வாரத்தில் மறுபடி நிரம்பும். கரி எரிய உள்ளே 550, 600 டிகிரி வேண்டும். காட்பாடி, ராணிப்பேட்டை என்று பக்கத்திலேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதில்லை. ஆயிலையும் கவனிக்க வேண்டும். சாம்பல் குறைந்த ஆயிலுக்குப் பதில் பழைய வண்டியின் ஆயிலை ஊற்றினால், எந்த ரீஜெனரேஷனிலும் எரியாத சாம்பல் சேர்ந்துகொண்டே போகும்.

எக்ஸாஸ்டில் தெளிக்கும் டிஇஎஃப் திரவத்தில் யூரியா 32.5 சதவீதம், மீதி உப்புநீக்கிய தண்ணீர். இதில் மிச்சம் பிடிக்க உரக்கடை யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. இந்தியாவில் விவசாய யூரியாவுக்கு 2015 முதல் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம். அந்த எண்ணெயும் போர் தண்ணீரின் சுண்ணாம்பும் முதலில் டோசிங் நாசிலை அடைக்கும், பிறகு கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். அப்போது ஈசியு என்ற வண்டிக் கம்ப்யூட்டரே எஞ்சினின் திறனைக் குறைத்துவிடும். வண்டி இழுக்காததற்கு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் எதுவும் கிடைக்காது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் செறிவு தெரியும். கலப்படத்தை அது காட்டாது, ஆனால் தண்ணீர் கலந்ததைக் காட்டும்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று திருப்திப்படவும் வேண்டாம். பழைய வண்டிகளுக்கு 65, பிஎஸ்-4 வண்டிகளுக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தியின் அளவு) என்ற வரம்பு, நின்ற இடத்தில் வேகமாக மிதித்துப் பார்க்கும் சோதனைக்கானது. அதில் எஞ்சினுக்கு லோடு இல்லை. ஏற்றத்தில் கறுப்பாகக் கக்கும் வண்டி அதில் தேறிவிடலாம்.

எல்லாம் பார்த்தும் குறை பம்பில்தான் என்று தெரிந்தால், கழற்றும் முன் டேப்பட் (வால்வு) இடைவெளியையும் கம்ப்ரஷனையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கம்மின்ஸ் 6பிடி எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.50 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேடு. கம்ப்ரஷனில் சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பம்பை எவ்வளவு செப்பனிட்டாலும் பலன் பாதிதான். பம்ப் கடையிலிருந்து வாங்கும்போது குறைந்தது இரண்டு வேகங்களில் 1,000 ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு எலிமெண்டும் எத்தனை சிசி விட்டது என்ற பெஞ்ச் தாளைக் கேட்டு வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது பழைய கோட்டுக்குக் கோடு சேர்த்தால் போதும் என்று விடாமல், முதல் சிலிண்டரை மேலேற்றி டீசல் வழிவது நிற்கும் இடத்தைப் பார்த்து டைமிங்கைச் சரிபாருங்கள். சில டிகிரி பின்தங்கினால் காலையில் வெண்புகை, ஏற்றத்தில் இழுவைக் குறைவு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செக்கச் சிவப்பு. முந்தினால் ஐடிலிலேயே எஞ்சின் டொக் டொக்கென்று அடிக்கும்.